இரண்டாம் வகுப்பு என்னும் யூனியன் பிரதேசம்

எங்கள் யூனியன் பிரதேசத்தை இந்திய வரைபடத்தில் தொட்டுக் காட்ட ஒரு கை போதாது. புதுச்சேரி ஓரிடம். அதற்குத் தெற்கே, மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று காரைக்கால். கேரளத்துக்குள் புகுந்து அரபிக்கடலைப் பார்த்தபடி மாஹே. ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கம் ஏனாம். ஒரே அரசாங்கம், நான்கு ஊர், மூன்று மொழி, இரண்டு கடல். "இதையெல்லாம் எப்படித்தான் சேர்த்துக் கட்டி ஆளுறாங்களோ!" என்று வெளியூர் உறவினர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. நான் காரைக்காலில் கோவில்பத்துப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். தினமும் அதைத்தான் செய்கிறேன். செய்வதாகச் சம்பளப் பட்டியலாவது சொல்கிறது.

என் வகுப்பும் நான்கு துண்டுதான். முன்பெஞ்சு புதுச்சேரி. தலைநகரம் என்பதால் புத்தகம், பிஸ்கட், என் பார்வை எல்லாம் முதலில் அங்கேதான் போகும். ஜன்னலோரம் மாஹே, போர்டில் நான் எதை எழுதினாலும் அது பாட்டுக்கு வேறொரு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசி பெஞ்சு ஏனாம். அங்கே பேசுகிற பாஷை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நடுவில் மிச்சமிருப்பது காரைக்கால். கலர் பென்சில் பெட்டி சுற்றிச் சுற்றி அங்கே போய்ச் சேரும்போது உள்ளே வெள்ளைப் பென்சில் மட்டும் இருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். மற்றவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.

புதுவைச் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 30 பேர், நியமன உறுப்பினர்கள் 3 பேர். என் வகுப்பின் பலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நியமன உறுப்பினர் என்று நான் சொல்வது, பதிவேட்டில் பெயரில்லாமல் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும் தம்பி தங்கைகளை. அம்மா நடவுக்குப் போகிற நாளில் அவர்களை வேறு எங்கே விடுவது? சட்டமன்றத்து நியமன உறுப்பினர் விவகாரம் 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. என் நியமன உறுப்பினர்கள் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. வந்ததும் என் மேசைக்கு அடியில் படுத்துத் தூங்கிவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் நான் துணைநிலை ஆளுநர். கோப்புகள் எல்லாம் என் கையெழுத்துக்கு வரும். ஆணைகள் எல்லாம் என் பெயரில் போகும். ஆட்சி வேறிடத்தில் நடக்கும்.

அந்த வேறிடம், நடு வரிசையில் இரட்டைச் சடையும் மடித்துக் கட்டிய ரிப்பனுமாக உட்கார்ந்திருக்கும் லீடர். கையில் ஓர் அடிஸ்கேல். நான் ஹெச்.எம். அறைக்குப் போய்வரும் இடைவெளியில் அவள் போர்டின் வலது மூலையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு, அடிக்கோடு போட்டு, பட்டியல் எழுதிவிடுவாள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் அடங்காவிட்டால் இன்னொன்று. ஒருநாள் திரும்பி வந்து பார்க்கிறேன், பட்டியலின் கடைசியில் 'டீச்சர்' என்று இருந்தது. பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி. பக்கத்து வகுப்பு டீச்சரோடு வாசலில் நின்று புடவைத் தள்ளுபடி பற்றி இரண்டு வார்த்தை பேசியிருந்தேன். குறி மூன்று என்றால் வார்த்தை இரண்டுக்கு மேல் இருந்திருக்கும்.

குறி ஒன்றுக்கு ஓர் அடி என்பது இவர்களே வகுத்துக்கொண்ட சட்டம். நான் அவளைக் கூப்பிட்டு, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, பள்ளியில் யாரையும் அடிக்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். "அது புள்ளைங்களுக்குத்தான டீச்சர்?" என்றாள். சட்டத்தை நானும் மறுபடி எடுத்துப் படித்தேன். குழந்தை என்றுதான் போட்டிருக்கிறது.

இது நல்லதற்கில்லை என்று தோன்றியது. மக்களாட்சியை அறிமுகப்படுத்தலாம் என்று முடிவுசெய்து ஒரு தேர்தல் வைத்தேன். ஆளுக்கொரு துண்டுக் காகிதம். லீடராக யார் வர வேண்டுமோ அவர் பெயரை எழுதி மடித்து டிபன் டப்பாவில் போட வேண்டும். எண்ணிப் பார்த்தால் எல்லாருக்கும் ஒவ்வொரு வாக்கு. தன்னைவிடத் தகுதியானவர் யாருமில்லை என்பதில் வகுப்பில் கருத்து வேற்றுமையே இல்லை. ஒருவனுக்கு மட்டும் இரண்டு வாக்கு, அவனே வென்றான். விசாரித்ததில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுத வராது, நீளமான பெயர். வென்றவன் பெயர் மூன்றெழுத்து. எழுத வந்ததை எழுதியிருக்கிறான்.

புதிய ஆட்சி மத்தியானம் வரை நீடித்தது. அதற்குள் அந்த ஒரே ஆதரவாளன் ஓர் அரைநெல்லிக்காய்க்காகப் பெஞ்சு மாறிவிட்டான். பெரும்பான்மை போயிற்று. பழைய லீடர் எந்த விழாவும் இல்லாமல் அடிஸ்கேலை எடுத்துக்கொண்டாள். 2021 பிப்ரவரியில் பெரியவர்களுடைய சட்டமன்றத்திலேயே பெரும்பான்மை போய் ஓர் ஆட்சி விழுந்ததைப் பார்த்த ஊர் இது. யாரும் பெரிதாக அதிரவில்லை.

நிர்வாகத்தை விட்டுத்தள்ளி, நீதித்துறைக்கு வருவோம். காரைக்கால் பிள்ளைக்கு எல்லை என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. நாகூரில் சித்தி வீட்டுக்குப் போவதென்றாலே பஸ் ஒரு செக்போஸ்ட்டில் நின்றுதான் போகும். அங்கே எதைத் தேடுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் ஜன்னல் வழியே வயலைப் பார்ப்பார்கள். இப்படி வளர்ந்த பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, சாக்பீஸால் நடுவே ஒரு கோடு கிழிப்பது. கோட்டைத் தாண்டிய ரப்பர் பறிமுதல். தாண்டிய முழங்கைக்குக் கிள்ளு. நான் டஸ்டரால் அழித்தால் மறுநாள் காம்பஸ் முனையால் கீறி வைத்திருப்பார்கள். காம்பஸ் எப்படிக் கிடைத்தது என்றால், ஐந்தாம் வகுப்பு அண்ணனிடமிருந்து கடத்தி வந்தது. எல்லை என்று ஒன்று வந்துவிட்டால் கடத்தலும் வந்துவிடுகிறது.

வழக்குகள் காலை முதல் மணியிலிருந்தே வர ஆரம்பிக்கும்.

"டீச்சர், இவன் என்னையப் பாக்குறான்."

"நீ அவனைப் பாக்காத. அப்ப அவன் பாக்குறது உனக்குத் தெரியாது."

"நான் பாக்கலைன்னா அவன் பாக்குறானான்னு எனக்கு எப்புடி டீச்சர் தெரியும்?"

இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது? ஒத்திவைப்புத்தான். போதாதற்கு இங்கே இரட்டைச் சட்டம் வேறு. எங்கள் ஊரில் சில குடும்பங்களுக்கு இன்றும் பிரெஞ்சு சிவில் சட்டம்தான் செல்லும்; 1881 ஆணையின்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்துவிட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். ஒரே தெருவில் இந்த வீட்டுக்கு ஒரு சட்டம், அடுத்த வீட்டுக்கு ஒரு சட்டம். என் வகுப்பிலும் அப்படித்தான். மணி அடிப்பதற்கு முன் பிடுங்கினால் திருட்டு; அடித்த பிறகு பிடுங்கினால் விளையாட்டு. பிடுங்கும்போது மணி அடித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று இரண்டு தரப்பும் என்னைக் கேட்கும். நெப்போலியனையே கேட்டாலும் மீசை இல்லாத உதட்டைத் தடவிக்கொண்டுதான் நின்றிருப்பார்.

காலை பிரேயர் மட்டும் என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ்த்தாய் வாழ்த்து என்றால் மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியது. எங்களுக்குப் பாரதிதாசன் எழுதியது. நாகையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பையன் முதல் வாரம் முழுக்க, சுற்றி எல்லாரும் பாரதிதாசனைப் பாட, கண்ணை இறுக மூடிக்கொண்டு தனியாளாகச் சுந்தரனாரை முழுசாகப் பாடி முடித்தான். குரலும் கணீர். இரண்டாம் வாரம் பார்த்தால் பக்கத்தில் நின்ற ஏழெட்டுப் பேர் அவன் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

பாரதிதாசனைப் பற்றி ஒரு செய்தி. அவர் 1909இல் ஆசிரியர் வேலையில் சேர்ந்தது எங்கள் காரைக்காலை அடுத்த நிரவியில்தான். மொத்தம் 37 ஆண்டு வாத்தியார் வேலை பார்த்திருக்கிறார். அவர் புரட்சிக்கவிஞர் ஆனதற்கு இலக்கியத்தில் பல காரணம் சொல்கிறார்கள். 37 ஆண்டு வகுப்பறையில் நின்ற மனிதர் வேறு என்னதான் ஆகியிருக்க முடியும் என்பது என் கட்சி.

பாடத்தில் பிள்ளைகள் நன்றாகத் தேறியிருப்பது வரலாற்றில். அதாவது விடுமுறை வரலாற்றில். இந்தியாவில் மற்ற பிள்ளைகள் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் பள்ளிக்கு வருவார்கள். எங்களுக்கு ஆகஸ்ட் 16உம் விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. ஆக நவம்பரில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. இதை நான் தேதி தேதியாகப் போர்டில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலோரத்து மாஹேக்காரன் முதல்முறையாக வாய் திறந்தான். "இங்கிலீஷ்காரன் ஒரே தடவையில போய்ட்டான், அதனால ஒரு லீவு. பிரெஞ்சுக்காரன் ரெண்டு தடவையா போனான், ரெண்டு லீவு. இன்னும் கொஞ்சம் மெதுவா போயிருக்கலாம் டீச்சர்."

சொல்தா தாத்தா இருக்கிற வீட்டுப் பிள்ளை ஒன்று, பிரெஞ்சுப் படையில் இருந்த தாத்தா ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு நினைவுத்தூணுக்குப் போவதை நினைவில் வைத்து, அதற்கும் லீவு உண்டா என்று கேட்டது. இல்லை என்றதும் தாத்தாவுக்காக மிகவும் வருந்தியது. நான் பேச்சை மாற்ற, கீழூரில் நடந்த வாக்கெடுப்பைச் சொன்னேன்: 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் கூடினார்கள், இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். வகுப்பு கணக்கைச் சரிபார்த்தது. லீடர் மட்டும் கையைத் தூக்கினாள். "அந்த எட்டுப் பேர் பேரையும் போர்டுல எழுதுனாங்களா டீச்சர்?"

விடுமுறை விஷயத்தில் ஊர்த் திருவிழாக்களும் எங்கள் பக்கம்தான். மாங்கனித் திருவிழா, மஸ்தான் சாகிப் கந்தூரி, திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி என்று சாமிக்குச் சாமி, மதத்துக்கு மதம் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறது. மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பெயர் மற்ற தமிழர்கள் காதில் விழுவதே வானிலை அறிக்கையில்தான்; ஐப்பசி, கார்த்திகையில் ரேடியோவும் டி.வி.யும் 'தமிழகம், புதுவை மற்றும் காரைக்கால்' என்று எங்களை மறக்காமல் கடைசியில் சேர்த்துக்கொள்ளும். மழையில் சேர்த்துக்கொள்பவர்கள் விடுமுறையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு டி.வி.யின் அடியில் எழுத்து ஓடும்: நாகப்பட்டினம் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை, மயிலாடுதுறைக்கு விடுமுறை, திருவாரூருக்கு விடுமுறை. நாங்கள் அவர்களுக்கு நடுவில் முழங்கால் தண்ணீரில் நிற்போம். எங்கள் ஊர் மழைக்கு எங்கள் ஊர் கலெக்டர்தான் தனியாக ஆணை போட வேண்டும். நாகூர்ச் சித்தி மகன் போனில் "எனக்கு லீவு" என்று கத்தியதைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால், மொழிவாரி மாநிலம் அமைத்தவர்கள்மேல் உங்களுக்கும் கோபம் வரும்.

காரைக்காலில் வானிலைத் துறையின் ராடார் ஒன்று இருக்கிறது. என் வகுப்பில் கடைசி பெஞ்சில், கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவன் இருக்கிறான். எழுந்து வெளியே போய், மூக்கை ஒருதரம் தூக்கிவிட்டு, "கொண்டல் டீச்சர். இன்னிக்கு ஊத்தும். இஞ்சேருந்து போறவங்கள சீக்கிரம் உட்டுடுங்க" என்பான். கூட்டல் கணக்கில் அவன் வாங்குவது பத்துக்கு இரண்டு. காற்றில் பத்துக்குப் பத்து. தேர்ச்சி அட்டையில் காற்றுக்கு ஒரு கட்டம் இல்லாதது அட்டை அச்சடித்தவர்களின் குறை.

விடுமுறைக் கடிதங்களை ஒரு புத்தகமாகப் போடலாம். வழக்கமான வயிற்றுவலி, அத்தை கல்யாணம் எல்லாம் எந்த ஊரிலும் உண்டு. எங்களுக்கே உரியது சனிப்பெயர்ச்சிக் கடிதம். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை தமிழ்நாடே திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் முங்க வரும். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரைக்காலில் ஓர் உறவினர் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வரும். அந்த நாள்களில் ஒரு தகப்பனார் எழுதியனுப்பிய கடிதம்: 'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, வீட்டில் விருந்தாளிகள் பதினான்கு பேர் இருப்பதால், என் மகனைத் தயவுசெய்து மாலை ஆறு மணி வரை பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமையும் பள்ளி வைத்தால் நலம்.' விடுமுறை வேண்டாம் என்று ஒரு விடுமுறைக் கடிதம் என் பணிக்காலத்தில் வந்தது அது ஒன்றுதான்.

கணக்குப் பாடத்தில் எனக்கு எதிரி வெளியில் இல்லை, ஊரின் தலபுராணத்தில் இருக்கிறார். பாடத்தில் அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு தர வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். கணக்குக்கும் அது பொருந்தும் என்று நம்பி, ஆனிப் பௌர்ணமி நெருங்கிய ஒரு காலையில் கழித்தல் கணக்கை இப்படி ஆரம்பித்தேன். "புனிதவதியார்கிட்ட ரெண்டு மாம்பழம். ஒண்ணை அடியாருக்குக் குடுத்துட்டாங்க. மிச்சம்?"

"ஒண்ணு!"

"அதைப் புருசனுக்குப் பரிமாறிட்டாங்க. இப்ப மிச்சம்?"

வகுப்பு அமைதியானது. அந்தப் புனிதவதியார், அதாவது காரைக்கால் அம்மையார், பிறந்து வாழ்ந்த ஊரில் கேட்கக் கூடாத கேள்வி அது. முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி மெதுவாக எழுந்தாள். "பூஜ்யம்னுதான் நீங்க எழுதுவீங்க டீச்சர். ஆனா ஒண்ணு வரும்."

வரத்தான் வந்தது. கணவன் பரமதத்தன் இன்னொன்று கேட்க, அம்மையார் உள்ளே போய் வேண்ட, கையில் ஒரு மாங்கனி வந்தது என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இரண்டிலிருந்து இரண்டைக் கழித்தால் ஒன்று என்று போர்டில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. பூஜ்யம் என்று எழுத ஊர் விடாது. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, ஏனாமிலிருந்து உதவி வந்தது. "டீச்சர், அதை அவரு தின்னுட்டாரு. நம்பாம இன்னொண்ணு கேட்டாரு. அதுவும் வந்துச்சு. கையில வாங்குனதும் மறஞ்சு போச்சு. அப்ப பூஜ்யம்தான." வகுப்பு முழுக்க விரல் விட்டு எண்ணிப் பார்த்தது. சரியாக வந்தது. பெரியபுராணமும் பாடப்புத்தகமும் ஒரே விடையைத் தருகின்றன. வழிதான் கொஞ்சம் சுற்று.

திருவிழா முடிந்த மறுநாள் கணக்கு இன்னும் கடினம். பிட்சாண்டவர் வீதியுலாவில் மாடியிலிருந்து மாம்பழத்தை வாரி வீசுவார்கள். கீழே ஊரே முந்தானையையும் குடையையும் விரித்து நிற்கும். "இருபது பழம் வீசினாங்க, நீ மூணு புடிச்ச, மிச்சம் எத்தனை?" என்று கேட்டால், "மிச்சம் எங்க அண்ணன் புடிச்சான், அதுல ரெண்டு தலையில உழுந்து நசுங்கிப் போச்சு" என்று வரும். அன்று வகுப்பில் பாதிப் பேர் பழம் பிடித்த கதை சொல்வார்கள். மீதிப் பேர் பழம் தின்ற வயிற்றோடு வெளியே போக அனுமதி கேட்பார்கள். கழித்தல் என்பதை அன்றைக்கு நான் போர்டில் எழுதுவதில்லை.

பாடத்திட்டம் யார் கையில் என்றால், அது தில்லியில். காரைக்கால் பிள்ளைகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் புத்தகம் படித்தார்கள். மாஹேக்காரர்கள் கேரளத்துப் புத்தகம், ஏனாம்காரர்கள் ஆந்திரத்துப் புத்தகம். இப்போது அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பக்கம் வந்துவிட்டன. என்.சி.இ.ஆர்.டி. 2023இல் வெளியிட்ட ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்துக்கு 'மிருதங்' என்று பெயர். மூன்றாம் வகுப்புக்குப் போனால் 'சந்தூர்'. ஆண்டுத் தொடக்கத்தில் புத்தகப் பட்டியலோடு ஒரு பாட்டி நேராக என்னிடம் வந்துவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், விஷயம் தெரிந்தவர். "ஏம்மா, மிருதங்கம் போட்டிருக்கே, வாத்தியத்த நாங்க வாங்கணுமா, இஸ்கூல்ல குடுப்பாங்களா?" நான், அது இங்கிலீஷ் புத்தகம் பாட்டி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்கிலீஷை மிருதங்கம்ன்றீங்க. அப்ப மிருதங்கத்த என்னான்னு சொல்லித்தருவீங்க?" இதற்கான பதில் ஆசிரியர் கையேட்டில் இல்லை. கையேடும் இன்னும் காரைக்கால் பெஞ்சுக்கு வந்து சேரவில்லை.

இப்போதெல்லாம் எல்லாமே செயல்வழிக் கற்றல். படிப்பதைவிடச் செய்வது முக்கியம். செய்வது யார் என்பதில்தான் சிறு குழப்பம். 'என் வீடு' என்று ஒரு மாதிரி செய்து வரச் சொன்னால், மறுநாள் தெர்மகோலில் மாடி, பால்கனி, எரிகிற பல்பு, தண்ணீர்த் தொட்டி சகிதம் பங்களாக்கள் வந்து இறங்கும். தூக்கிக்கொண்டு வருகிற அப்பாக்களின் கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. ஒரே ஒரு பையன் தீப்பெட்டிக்குக் காகிதம் ஒட்டி, கதவு என்று ஒரு கோடு போட்டுக் கொண்டு வந்தான். "எங்கப்பா சைட்டுக்குப் போய்ட்டாரு டீச்சர், கொத்தனாரு. ஊரு வூட்டக் கட்டவே நேரம் பத்தல." அவனுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன். அந்த வகுப்பில் பிள்ளை கட்டிய வீடு அது ஒன்றுதான். பங்களா அப்பாக்கள் சிலர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்த செயல்பாடு, விதை முளைப்பது. இதற்குக் கோவில்பத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்குள்ள பார்வதீஸ்வரர் கோயில்தான் சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி. பஞ்ச காலத்தில் சிவனே உழவனாக வந்து வயலில் விதை தெளித்தார் என்பது தலக்கதை. அதற்கென்று விதைத்தெளி உற்சவமும் உண்டு. கதையைச் சொல்லி, ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் மண் போட்டு, பச்சைப்பயறு ஊன்றச் சொன்னேன். மறுநாள் காலை ஒன்றும் வரவில்லை. மத்தியானம் ஒருவன் தோண்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு மூடினான். அதைப் பார்த்து அடுத்தவன் தோண்டினான். மாலைக்குள் வகுப்பு முழுக்க எல்லா விதையையும் எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, ஊதி, மறுபடி புதைத்திருந்தது. "ஏன்டா தோண்டுறீங்க?" என்றால், "முளைக்குதான்னு பாக்குறோம் டீச்சர்." மூன்றாம் நாளும் இதே வேலை. கடைசியில் முளைத்தது ஒரே ஒரு கொட்டாங்கச்சிதான். அது காய்ச்சலில் ஒரு வாரம் பள்ளிக்கு வராத பெண்ணுடையது.

அந்த வாரம்தான் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த அளவுக்குக் கற்றிருக்கிறது என்று வாரம் ஒருமுறை சோதித்து, கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்ப வேண்டுமாம். நான் கொட்டாங்கச்சிகளைப் பார்த்தேன், படிவத்தைப் பார்த்தேன், நிரப்பி அனுப்பினேன். அரசு ஊழியர் வேறென்ன செய்ய முடியும்?

படிவத்தைத் தொடர்ந்து ஓர் அதிகாரியும் ஆய்வுக்கு வந்தார். நல்ல மனிதர். பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினார். கடற்கரைப் பையனைக் கூட்டல் கேட்டார். அவன், சார் வந்த ஜீப்பின் கண்ணாடியை ஏற்றி வைக்கும்படி ஆலோசனை சொன்னான். பிறகு பொது அறிவு. "நம்ம முதலமைச்சர் யாரு?" வகுப்பு முழுக்க லீடரைக் கை காட்டியது. அவர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். அவர் விடவில்லை. "சரி, இந்த வகுப்புல நீங்க எல்லாரும் யார் சொன்னா கேப்பீங்க?" நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். லீடர் அடிஸ்கேலை நிமிர்த்திப் பிடித்தாள்.

"பால் ஆயா!" என்றார்கள் ஒரே குரலில்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. உண்மை அதுதான். பிரெஞ்சு நிர்வாகம் எங்கள் பகுதியில் 1930லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தது. காமராசர் தமிழ்நாட்டில் தொடங்கியது 1956இல். ராஜீவ் காந்தி பெயரில் காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்து 2002 முதல் காலையில் பாலும் உண்டு. ஆட்சிகள் வந்தன, போயின. பாத்திரம் மட்டும் கை மாறவில்லை. பால் வாளியோடு ஆயா வாசலில் வந்து நின்றால், முப்பது பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல் வரிசையில் நிற்பார்கள். எல்லைக்கோடு தானாக மறையும். வழக்குகள் வாபஸ் ஆகும். மாஹே கூடக் கடலை விட்டுத் திரும்பும். மேசைக்கு அடியிலிருந்து நியமன உறுப்பினர்கள் எழுந்து தம்ளரோடு வருவார்கள். "வாயத் தொடைச்சுட்டு உக்காரு கண்ணு" என்று ஆயா சொன்னால், பால் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் பயிற்சி நிறுவனத்தில் படித்துத் தேறிய குழந்தை உளவியல் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது, பால் மட்டும் கூடுதல்.

அதிகாரி போகும்போது குறிப்பேட்டில் 'வகுப்பு ஒழுங்கு நன்று' என்று எழுதிவிட்டுப் போனார். யாருடைய ஒழுங்கு என்று எழுதவில்லை. பெருந்தன்மைதான்.

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா இதை நேராகவே உடைத்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டு, என் எதிரிலேயே கேட்டார்: "கிளாஸ்ல டீச்சர் என்னா பண்ணுவாங்க?"

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "சும்மா இரு, சும்மா இருன்னு கத்திக்கிட்டே இருப்பாங்க. நாங்க படிச்சுக்குவோம்."

அப்பா சங்கடப்பட்டு அவள் வாயைப் பொத்தினார். நான் அவள் நோட்டை எடுத்துக் காட்டினேன். ஜூன் மாதம் 'அ'வைப் படுக்கவைத்து எழுதியவள், இப்போது மூன்று வரிக்கு ஒரு கதை எழுதுகிறாள். அதில் வருகிற ராட்சசிக்குக் கண்ணாடியும் காட்டன் புடவையும் உண்டு. எங்கே கற்றாள், எப்போது கற்றாள், என் கத்தலுக்கு நடுவிலா, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலா என்று எந்தப் படிவத்திலும் என்னால் எழுதிக்காட்ட முடியாது. அப்பா கதையைப் படித்தார், என் புடவையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "நல்லாத்தான் கத்துறீங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

போர்டில் அவர் பெயர் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. கூட்டத்தில் பேசினாராம்.